மலாகாவில் இரண்டு மணிச் சாப்பாடு

போன சனிக்கிழமை லண்டன் ஹரோவில் மீன்கடைக்குப் போயிருந்தேன். ஐஸ் மேல் நெத்தலி பரப்பியிருந்தது. உறைந்த பொதியல்ல, பச்சை நெத்தலி, வெள்ளியாய் மின்னியது. குனிந்து மணந்து பார்த்தேன். "அண்ணை, மீன் வாங்கிறியளோ, இல்லாட்டி மணந்துபோட்டுப் போறியளோ?" என்றார் கடைக்காரர். நான் அப்போது மலாகாவில் நின்றுகொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டன் எட்மண்டனில் ஓர் அறையில் இருந்தோம். எனக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. எங்கள் முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே இறந்து பிறந்தது. அதன் பிறகு என் மனைவி ரஞ்சினி சமைப்பாள், எனக்குப் போடுவாள். தான் மட்டும் தேநீரும் விசுக்கோத்துமாய் இருப்பாள். பேச்சும் குறைந்துவிட்டது. நானும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான். வெயில் உள்ள இடமாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் டொக்டர். ஸ்பெயினில் மலாகா நகரத்துக்கு ஒரு கிழமைப் பயணம் மலிவாய்க் கிடைத்தது.

என் ஆயத்தங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஸ்பானிய மொழிப் புத்தகம் வாங்கி, ரயில் நிலையம் எங்கே என்று கேட்க மட்டும் பழகியிருந்தேன். கமெரா பிலிம் டப்பா ஒன்றில் மிளகாய்த்தூள் அடைத்து வைத்திருந்தேன். சாப்பாட்டின் படம் வாசலில் இருந்தால்தான் கடையை நம்பலாம் என்பது என் கொள்கை. அதனால் முதல் இரண்டு நாளும் கடற்கரைக் கடைகளில் லண்டனில் கிடைக்கிற அதே முட்டையும் சிப்ஸும்தான். நான் தின்றேன். ரஞ்சினி முள்ளுக்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணியிருக்கும். கடைகளெல்லாம் கதவை இழுத்துச் சாத்தத் தொடங்கின. தெருக் கூட்டுகிறவர்கள் நாலைந்து பேர் விளக்குமாறுகளைச் சுவரில் சாத்திவிட்டு ஒரு சந்துக்குள் விரைந்தார்கள்.

"அவை சாப்பிடத்தான் போகினம்," என்றாள் ரஞ்சினி. "பின்னாலை போவம்."

சந்தின் முடிவில் பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு கடை. உள்ளே சனம் தோளோடு தோள் உரச நின்றபடியே சாப்பிட்டது. நிலமெல்லாம் கடதாசி, ஒலிவ் விதை, இறால் கோது.

"ஒரே குப்பையாக் கிடக்கு. வாரும், வேறை இடம் பாப்பம்."

"பொறுங்கோப்பா. மணத்தைப் பாருங்கோ."

மேசைக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நான் புத்தகத்தைப் பிரித்தேன். அவசரத்தில் வாயில் வந்தது ரயில் நிலையம்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தடுப்பைத் தூக்கி, ரஞ்சினியின் கையைப் பிடித்து நேரே அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு சட்டியாய் மூடி திறந்து காட்டினாள்.

"இஞ்சை ஓடி வாங்கோ! கணவாயை மையோடை காய்ச்சியிருக்கினம்!"

நாலு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல் உயர்ந்ததைக் கேட்டேன். கறுத்த குழம்பைப் பாணால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாள். பொரித்த நெத்தலியைத் தலையோடு கடித்தாள். மிளகாய்த்தூளின் நினைவே எனக்கு வரவில்லை. என் தட்டு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகென்ன, தினமும் இரண்டு மணிக்கு அங்கேதான். ஐந்தாவது தடவை, ஊர் திரும்பும் நாள். கூட்டம் கலைந்துவிட்டது. அந்தப் பெண் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரஞ்சினி தன் வயிற்றில் கையை வைத்தபடி திடீரென்று அவளிடம் தமிழில் பேசத் தொடங்கினாள்.

"பொம்பிளைப் பிள்ளை. தலை நிறைய முடியெண்டு நேர்ஸ் சொன்னவ. தூக்கிப் பாக்கச் சொன்னவை. நான் மாட்டன் எண்டிட்டன். ஒருக்காத் தூக்கியிருக்கலாம், என்ன?"

தூக்கச் சொன்னதும் அவள் மறுத்ததும் எனக்கும் அப்போதுதான் தெரியும்.

அந்தப் பெண் துணியைக் கீழே வைத்தாள். தன் நெஞ்சளவில் கையை வைத்துக் காட்டினாள், பிறகு இடுப்பளவில். தன் இரண்டு பிள்ளைகளின் உயரம். பிறகு இரு கைகளையும் தொட்டில் போல மடித்து, சற்று ஆட்டி, மெல்ல விரித்தாள். மூன்றாவதின் இடத்தில் ஒன்றுமில்லை. ரஞ்சினி மேசைக்கு மேலால் சாய்ந்து அவள் தோளில் முகம் புதைத்தாள். ஒரு சொல்லும் பொதுவாக இல்லாத இரண்டு பேர் இப்படிப் பேசிக்கொள்ள முடியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

அன்று இரவு விமானத்தில் ரஞ்சினி லண்டன் வரை பேசிக்கொண்டே வந்தாள். இரண்டு வருடம் கழித்து எங்களுக்கு மகள் பிறந்தாள்.

மகள் வளர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கியபின் மூவருமாக அங்கே போனோம். சந்து இருந்தது. கடை இல்லை. அந்த வாசலில் இலக்கம் அழுத்தித் திறக்கும் பூட்டு. உள்ளே உல்லாசப் பயணிகளுக்கு வாடகை அறைகளாம். கல்லில் சக்கரப் பெட்டிகள் கடகடவென்று போய்வந்தன. எண்ணெய் கொதிக்கும் மணம் எந்த வீட்டிலிருந்தும் வரவில்லை.

"இங்க யார் இருந்தவை, அம்மா?" என்று மகள் கேட்டாள்.

"எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆள்."

"பேர் என்ன?"

ரஞ்சினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து நாள் அந்தப் பெண்ணின் கையால் சாப்பிட்டிருக்கிறோம். இரண்டு பேருமே பெயரைக் கேட்கவில்லை.