ஆறாவது விளக்கு

அலவத்துகொடையில் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையை அழைத்துவரும்போது பைத் என்னும் அரபுப் புகழ்ப்பாடல் பாடுகிற ஆறு பேரில் ஷிஹாபும் ஒருவர். இருபத்தைந்து வயதில் அந்தக் கோஷ்டியில் சேர்ந்தவர். இப்போது ஐம்பதை நெருங்குகிறார். கட்டுகஸ்தோட்டையில் திரைச்சீலைத் துணிக் கடை வைத்திருக்கிறார். துணியை அளந்து வெட்டுவார், ஜன்னல் அளவைத் தவறாகக் கொண்டுவருகிறவர்களோடு தமிழிலும் சிங்களத்திலும் பொறுமையாகப் பேசுவார், தொழுகை நேரத்துக்குக் கதவைப் பாதி இழுத்துவிட்டுப் போய் வருவார். அவரைப் பற்றி ஊரில் யாரேனும் எதையேனும் எடுத்துச் சொன்னார்கள் என்றால் அது பாட்டைப் பற்றி மட்டும்தான். "பைத் ஷிஹாப்" என்றால் தெரியும். கடையின் பெயரைச் சொன்னால் தெரியாது.

கோஷ்டிக்கு நெடுங்காலம் ஒரே மைக்தான். தலைவர் பஹீம் அதன் முன்னால் நிற்பார். அவர் பாடசாலையில் கணக்கு ஆசிரியர். ஷிஹாபோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். மற்றவர்கள் அவரைச் சுற்றி நிற்பார்கள். ஷிஹாப் கடைசியில், சற்றுப் பின்னால் நிற்பார். "நீ உசரம் மச்சான், முன்னுக்கு நிண்டா மாப்பிள்ளைய மறைக்கும்," என்று பஹீம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். பாட்டின் மூன்றாவது அடியில் குரல் மேலே ஏறும். அந்த இடம் வரும்போது யாராவது ஒருவர் தலையை அசைத்து, "ஷிஹாப், பன்னீர்," என்பார். அவர் வெள்ளிப் பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய், பெரியவர்களின் கைகளிலும் சட்டைகளிலும் தெளித்துவிட்டு வருவார். பாட்டின் உச்சத்தில் சபையின் நடுவே நடக்கிற அந்த வேலையை அவர் ஒரு கௌரவமாகவே எண்ணியிருந்தார். எல்லாக் கல்யாணங்களிலும் அது அவருக்கே கிடைத்தது.

போன வருடம் கட்டாருக்குப் புறப்பட்ட ஒரு சவுண்ட்காரர் தன் சாமான்களை விற்றார். அவற்றில் ஓர் ஓடியோ இன்டர்ஃபேஸ் இருந்தது: எட்டு மைக்குகளைத் தனித்தனியாகச் செருகக்கூடிய ஒரு கறுப்புப் பெட்டி. ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு திருகு, ஒரு சிறிய பச்சை விளக்கு. எட்டுக் குரல்களும் ஒரே நேரத்தில் லெப்டொப்பில் எட்டுத் தனித் தடங்களாகப் பதியும். ஷிஹாப் அதை வாங்கினார். கோஷ்டிக்குச் சொந்தமாக ஒரு பதிவு வேண்டும் என்ற ஆசை அவருக்குத்தான் அதிகம்.

வீட்டு மேல்மாடியில் பூச்சு முடியாத அறை ஒன்று கிடந்தது. கடையில் மிஞ்சிய துணிகளை நான்கு சுவரிலும் அடுக்கடுக்காகத் தொங்கவிட்டார். கைதட்டினால் எதிரொலித்த அறை சில நாட்களில் ஊமையானது. பெட்டி சுலபமாக வசப்படவில்லை. முதலில் லெப்டொப் அதை அடையாளம் காண மறுத்தது. பிறகு ஹெட்போனில் தன் குரலே கொஞ்சம் பிந்திக் கேட்டுத் தடுமாற வைத்தது. திருகை அதிகம் திருப்பினால் விளக்கு சிவந்து குரல் கிழிந்தது, குறைத்தால் பாட்டுக்கு அடியில் இரைச்சல் தங்கியது. கடையில் ஆள் இல்லாத நேரங்களில் வீடியோக்களைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். இந்த வயதில் ஒன்றைக் கற்றுக்கொள்வதில் உள்ள சந்தோஷத்தை அவர் மறைக்கவுமில்லை.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் பகல் தொழுகைக்குப் பிறகு கோஷ்டி வந்தது. ஆறு மைக், ஆறு வயர், ஆறு ஹெட்போன்.

"எனத்த மச்சான் இது, ஒஸ்பிட்டல்ல ஈசிஜி எடுக்கிற மாதிரி ஈக்கி?" என்றார் பஹீம்.

"உங்களுக்கு எடுத்தா நல்லந்தான் நானா," என்றான் அமான். மிளகு வியாபாரம் செய்கிறவன், கோஷ்டியில் இளையவன். "நெஞ்சுல எனத்த ஈக்கி எண்டு பாக்கலாம்."

"உன்ட நெஞ்சுல மிளகுதான் ஈக்கும். அதுல பாதி பப்பாசிக் கொட்டை."

எல்லோரும் சிரித்தார்கள். ஷிஹாப் லெப்டொப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால், மூலையில் ஒரு துணிக்குப் பின்னால் ஆறாவது மைக்கை வைத்துக்கொண்டார். அன்று பன்னீர் இல்லை. முழுப் பாட்டையும் அவர் பாடினார்.

மறுநாள் காலை, சுபஹ் தொழுதுவிட்டு வந்து, ஒவ்வொரு தடத்தையும் தனியாகக் கேட்கத் தொடங்கினார். பஹீமின் குரல் எதிர்பார்த்தது போலவே இருந்தது. அமான் ஒவ்வொரு அடிக்கும் இரைக்க இரைக்க மூச்சிழுத்தான். ஆறாவது தடத்துக்கு வந்தார்.

அந்தக் குரல் சுருதிக்குச் சற்றுக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் இரண்டிடத்தில் என்றால் தேறியிருக்கலாம். படியேறுகிறவன் ஒவ்வொரு முறையும் ஒரு படி குறைவாகவே நின்று, வந்துசேர்ந்துவிட்டோம் என்று நம்புவதுபோல, தொடக்கம் முதல் முடிவு வரை அது அப்படியே இருந்தது. மூன்றாவது அடியில் மற்றவர்கள் ஏறியபோது அது கீழேயே நின்றுகொண்டு சத்தத்தை மட்டும் கூட்டியது.

வயர் பழுது என்று நினைத்தார். வயரை மாற்றினார். பெட்டியில் வேறு இடத்தில் செருகினார். தனியாகப் பாடிப் பதிந்து, பஹீமின் தடத்தோடு சேர்த்துக் கேட்டார். பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

தன் குரலை ஒலிப்பதிவில் முதல்முறை கேட்கும் எவருக்கும் அது அந்நியமாகத்தான் இருக்கும். நம் குரல் நமக்கு எலும்பு வழியாகவும் கேட்கிறது என்று, அதற்கு மண்டை ஓட்டின் மேல் பழியைப் போட்டுவிடலாம். சுருதிக்கு அப்படிப் பழி போட ஆளில்லை. மனிதன் தன்னைக் கேட்கும்போது ஒலியோடு தன் விருப்பத்தையும் கலந்தே கேட்கிறான். அந்த விருப்பத்தைப் பதிவு செய்ய எந்தப் பெட்டியிலும் காது இல்லை.

ஆறாவது தடத்தை அணைத்துவிட்டுப் பாட்டைத் திரும்ப ஓடவிட்டார். பக்கத்து மைக்குகளில் அவர் குரல் மங்கலாக ஒட்டியிருந்தது, ஆனால் பாட்டைக் கெடுக்கும் அளவுக்கு இல்லை. பாட்டு நிமிர்ந்து நின்றது. மூன்றாவது அடி ஏறியபோது அவர் கை தன்னையறியாமல் செம்பைப் பிடிப்பதுபோல் மடங்கியது. அப்போதுதான் அவருக்குப் பன்னீர் விளங்கியது. உயரம் விளங்கியது. கடைசி இடம் விளங்கியது.

இதை அவர்கள் எப்போது பேசி முடிவெடுத்தார்கள்? ஒருவேளை பேசவே இல்லையோ? பேசாமலே ஐந்து பேர் இத்தனை வருடம் ஒத்துப்போக முடியும் என்றால், அந்த ஒற்றுமை பாட்டில் இருந்ததைவிடப் பெரியது.

தான் பாடகன் இல்லை என்பது அவருக்கு வலித்தது. ஆனாலும் அதைவிட ஒரு கேள்வியே அவரைப் பிடித்துக்கொண்டது. இவர்களில் ஒருவராவது தன்னிடம் உண்மையைச் சொல்வாரா? ஒரே ஒருவர் போதும். அதற்காக ஒன்று செய்தார். தன் குரலை நீக்கிய பாட்டையே முடிந்த பாட்டு என்று வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பஹீமும் அமானும் கடைக்கு வந்தார்கள். துணி வெட்டும் மேசையில் ஸ்பீக்கரை வைத்துப் போட்டுக் காட்டினார்.

"மாஷா அல்லாஹ்," என்றார் பஹீம். "நாங்களா இது? வேற ஆக்கள் மாதிரி ஈக்கி."

"இனி எங்கள கொழும்புக்குக் கூப்பிடுவாங்க நானா," என்றான் அமான்.

"அதுக்கு முந்தி நீ மூச்சு விடப் பழகு. ஒவ்வொரு அடிக்கும் வண்டில் மாடு மாதிரி இழுக்கிறாய்."

ஷிஹாப் ஒன்றைக் கவனித்தார். பஹீம் எல்லோருடைய குறையையும் வைத்து விளையாடுவார். அமானின் மூச்சு, இன்னொருவரின் மூக்கு, அரபு உச்சரிப்பில் தான் செய்கிற தவறுகூட அவருக்குக் கேலிதான். ஷிஹாபின் குரலை மட்டும் ஒருநாளும் தொட்டதில்லை. அதை மதிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தார் ஷிஹாப்.

"என்ட குரல் எப்பிடி வந்தீக்கி?" என்று கேட்டார்.

"உன்ட குரல் இல்லாட்டி இது நிக்குமா மச்சான்? தூண் மாதிரி ஈக்கி."

"எந்த எடத்துல?"

பஹீம் ஒரு கணம் யோசித்தார். "மூணாவது அடியில. ஏறுற எடத்துல பாரு, கீழ இருந்து நீதானே தாங்கிப் புடிச்சீக்கி."

அமான் தன் செருப்பைப் பார்த்தான். "ஓ நானா. தனியாக் கேக்குது."

ஷிஹாப் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, "டீ குடிப்பமா?" என்றார்.

பஹீம் கெட்டவர் அல்ல. ஷிஹாபின் உம்மா மௌத்தானபோது மழையில் நின்று கபுர்க் குழி வெட்டியவர்களில் அவரும் ஒருவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் ஷிஹாபுக்குக் கோபமாவது மிஞ்சியிருக்கும். அன்பினால் சொல்லப்படும் பொய்யில் ஒரு கணிப்பு இருக்கிறது: இவனால் உண்மையைத் தாங்க முடியாது என்பது. பொய்யைச் சொன்னவர்கள் அந்தக் கணிப்பைப் பற்றி யோசிப்பதில்லை. கேட்டவன் மட்டும் அதோடு வீட்டுக்குப் போகிறான்.

வீட்டில் மனைவி பஸீஹா பயறு சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஷிஹாப் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"எனக்குப் பாட வருமா?"

பஸீஹா சுளகிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இதென்ன கேள்வி இப்ப?"

"சொல்லுங்க."

"வராது."

"எப்ப இருந்து தெரியும்?"

"கல்யாணம் முடிச்ச முதல் நோன்புல இருந்து. நீங்க குளிக்கிற எடத்துல பாடினீங்க."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"நீங்க பாடிட்டு வார நாள்லதான் ஊட்டுக்குள்ள சிரிச்ச மூஞ்சோட வாரீங்க. மத்த நாளெல்லாம் கடைய தலையில தூக்கிக்கிட்டு வாரீங்க. அந்த ஒரு நாளையும் நான் ஏன் கெடுக்கணும்?" ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். "நீங்க கேட்டீங்க, நான் சொன்ன. நீங்க கேட்டீக்கக் கூடாது."

கேட்டால்தான் சொல்வார்கள் என்றால், அது அவர் தேடியதில் பாதிதான். மற்றப் பாதியைக் கேட்காமலே தர வேண்டியவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள்.

அடுத்த பதிவு, நபி பிறந்த மாதமான ரபீஉல் அவ்வல் தொடங்குவதற்கு முன்பு. மாதம் முழுக்க மௌலித் வீடுகளில் போடுவதற்கு நீண்ட பைத் ஒன்றை பஹீம் தேர்ந்தெடுத்திருந்தார். அறையில் எல்லாம் முன்பு போலவே இருந்தது. ஷிஹாப் ஐந்து பேரின் திருகுகளையும் ஒவ்வொருவரையும் பேசவைத்துச் சரிபார்த்தார். ஆறாவது திருகை இடப்பக்கமாக முடியும்வரை திருப்பி மூடினார். பெட்டியை இந்த முறை மூலையில் வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி நடுவில் ஒரு ஸ்டூல்மேல் வைத்தார்.

முதல் அடியை ஒத்திகையாகப் பாடினார்கள். ஷிஹாப் முழுத் தொண்டையையும் திறந்து பாடினார். ஐந்து பச்சை விளக்குகள் எரிந்தன. ஆறாவது இருட்டாக இருந்தது.

அமான்தான் பார்த்தான். நினைப்பதற்கு முன்பே வாய் பேசிவிட்டது. "நானா, உங்கட லைட் எரியல்லியே."

பாட்டு நின்றது. எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். திருகு எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. திருப்பிவிடுவது ஒரு விரலின் வேலை. ஷிஹாப் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பஹீமின் முகத்தைப் பார்த்தார். 'போடு மச்சான், நீயும் பாடு' என்று ஒருவர் சொல்லலாம். 'மூடினது நல்லந்தான்' என்றும் ஒருவர் சொல்லலாம். இரண்டில் எது வந்தாலும் அவர் எழுந்துபோய்ச் சொன்னவரைக் கட்டிப்பிடித்திருப்பார்.

வெளியே ஒரு மரக்கறி லொறி ஒலிபெருக்கியோடு போனது. அதன் கூவல் தூரத்தில் தேய்ந்து மறைந்தது.

"அது பரவால்ல," என்றார் பஹீம். ஹெட்போனைச் சரிசெய்தபடி சுவரில் தொங்கிய துணியைப் பார்த்துச் சொன்னார். "நேரம் போகுது. அஸருக்கு முந்தி முடிப்பம்."

"ஓ, முடிப்பம்," என்றான் அமான்.

ஷிஹாப் பதிவை ஓடவிட்டார். இரண்டு அடிகளைப் பாடினார். மூன்றாவது அடி நெருங்கியபோது, யாரும் சொல்லாமலே, ஹெட்போனைக் கழற்றி மெதுவாகக் கதிரையில் வைத்துவிட்டு, தேநீர் கொண்டுவரக் கீழே இறங்கினார். பாதிப் படியில் நின்று கேட்டார். மேலே பாட்டு ஏறிக்கொண்டிருந்தது. குறை ஒன்றும் இல்லை.