மூன்றாம் முறை வந்த அட்டை

மண்கும்பான் ஊர் இராசமணிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆயினும், வெள்ளிக்கிரகத்திலிருந்து வந்து கடலில் விழுந்த இராட்சத அட்டையைப் பற்றிய ஆங்கிலப் படங்களை அவளைப்போல் அறிந்தவர் தீவுப்பகுதியிலே வேறெவரும் இலர். அயலவர்கள் மறைவில் அவளை ‘அட்டைக்காரி’ என்று சொல்லிக்கொள்வார்கள். அது அவள் காதிலும் விழுந்ததுண்டு. அவள் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவன் அவளுடைய கணவன் குலசிங்கம். தென்னிலங்கையில், காலி நகருக்கு அப்பால் ஒரு சிறு பட்டினத்தில் அவனுக்குச் சுருட்டுக்கடை இருந்தது. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டுமே ஊருக்கு வருவான். வந்து நிற்கும் நாள்களில் ஒரு நாளை ஒதுக்கி, மனைவியைப் பேருந்தில் ஏற்றிப் பண்ணைப் பாலத்தைக் கடந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய படமாளிகையின் பகற்காட்சிக்கு அழைத்துச் செல்வான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆதலால் வீட்டில் விட்டுச்செல்ல எவரும் இல்லை. சேர்த்து அழைத்துச்செல்லவும் எவரும் இல்லை.

“ஒரு சாமிப்படத்துக்குப் போனால் என்ன?” என்று முதல் தடவை அவள் கேட்டாள்.

“சாமிப்படத்திலை ஆர் வெல்லுவினம் எண்டு முதலே தெரியும்.”

“உதிலை தெரியாதே?”

“தெரியும். ஆனால் உதிலை தோக்கிறவனைப் பாக்கப் பாவமா இருக்கும்” என்றான் குலசிங்கம்.

அன்று திரையிலே கடல் பிளந்து அட்டை எழுந்தது. தாரும் சாக்கும் கொண்டு செய்ததுபோன்ற உடம்பு; இரண்டு பக்கமும் இழுக்கும் கயிறு வெயிலில் மின்னியது. துறைமுகத்து மக்கள் சிதறி ஓடினார்கள். இராசமணி கணவனின் முழங்கையைத் தொட்டாள்.

“இஞ்சருங்கோ, அட்டைக்குக் கீழாலை சப்பாத்துக் கால் தெரியுது.”

“தெரியுந்தானே. உள்ளுக்கை ஆக்கள் நிண்டு தள்ளுகினம்.”

“பிறகேன் நீங்கள் கதிரையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்?”

“அது வேறை, இராசமணி. சப்பாத்து அவங்கடை. பயம் எங்கடை.”

படத்தின் முடிவில் விஞ்ஞானி ஒருவர் மின்சாரக் கம்பியை அட்டையின் வாயிலே செருகித் தாமும் மாண்டார். அட்டை புகைந்துகொண்டே கடலில் அமிழ்ந்தது. திரும்பி வரும்பொழுது, கரையில் எவரோ கடலட்டை காயப்போட்டிருந்ததைப் பேருந்துச் சாளரத்தினூடே கண்ட குலசிங்கம், “பாரும், எங்கடை ஆளை வெயிலிலை கிடத்தியிருக்கிறாங்கள்” என்றான். இராசமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீடு வரும்வரை சிரித்தாள்.

சில ஆண்டுகள் கழித்து இரண்டாம் படம் வந்தது. அதே அட்டை, அதே உடம்பு. வெடித்த இடங்களில் ஒட்டுப்போட்டிருந்தார்கள்.

“உது செத்ததெல்லே?” என்று இருட்டில் அவள் கேட்டாள்.

“ஆர் கண்டது? கடலுக்கை தாண்டதைத்தான் காட்டினவங்கள். உடம்பைக் காட்டேல்லை. உடம்பைக் காட்டாட்டில் அடுத்த படம் இருக்கு எண்டு வைச்சுக்கொள்ளும்.”

“அப்ப அந்த விஞ்ஞானி? அவற்றை உடம்பைக் காட்டினவங்களே. அவரும் வாறார்.”

“அது அவற்றை தம்பி. மீசையைப் பாரும்.”

இருவரும் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த மீசை, படம் முடிவதற்குள் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அதற்குப் பின்பு, குலசிங்கம் கடைக்குப் புறப்படும்போதெல்லாம் வாசற் படலையடியில் நின்று, மேலுதட்டின்மேல் ஒரு விரலை மீசைபோல் வைத்துக் காட்டுவான். திரும்பி வருவேன் என்பது அதன் பொருள். அவனும் தவறாமல் வந்தான்.

எழுபத்தேழாம் ஆண்டு ஆவணியில் அவன் வரவில்லை. தென்பகுதியில் இனக்கலவரம் மூண்டு தமிழரின் கடைகள் எரிந்தன. உயிர்தப்பியவர்கள் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கினார்கள். இராசமணி அங்கே போய், இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்து நின்றாள். கடையில் வேலைசெய்த நாரந்தனைக்காரன் ஒருவன் மட்டும் அவளை இனங்கண்டு வந்தான்.

“அண்ணை பின்மதிலாலை ஏறிக் குதிச்சவர், அக்கா. அதுக்குப் பிறகு நான் காணேல்லை.”

“குதிச்சதைத்தானே கண்டனீர்?”

“ஓம்.”

“வேறொண்டும் காணேல்லையே?”

“இல்லை அக்கா.”

அவளுக்கு அது போதுமாயிருந்தது. உடம்பைக் காட்டவில்லை. நெற்றியில் குங்குமத்தோடும் கழுத்தில் தாலியோடும் அவள் வீடு திரும்பினாள்.

உடல் கிடையாதவருக்குத் தருப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து, அதனையே உடலாகக் கொண்டு கிரியைகளைச் செய்து தகனம்பண்ணும் வழக்கம் உண்டு. குலசிங்கத்துக்கும் அவ்வாறு செய்யவேண்டுமென்று அவனுடைய மூத்த சகோதரி அன்னப்பிள்ளை கேட்டாள். அவள் அதே வளவிலே தன் மகன் நடராசாவோடு வாழ்ந்தவள். முதலாம் ஆண்டு மெதுவாகக் கேட்டாள். இரண்டாம் ஆண்டு சண்டையிட்டாள். மூன்றாம் ஆண்டு வயிற்றில் நோய் கண்டு படுக்கையில் வீழ்ந்தபின் வேறு பேச்சே பேசவில்லை.

“அவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணி இறைக்க ஆளில்லை. நீ பொட்டோடை திரியிறாய்.”

“நான் திரியேல்லை, மச்சாள். வீட்டோடைதான் இருக்கிறன்.”

“புல்லுக்கு நெருப்பு வைக்கச் சொல்லித்தானே கேக்கிறன்?”

“புல்லுத்தானே எண்டுதான் நானும் சொல்லுறன். அவரைக் காட்டுங்கோ. செய்யிறன்.”

அன்னப்பிள்ளை முகத்தைக் கூரைப்பக்கம் திருப்பினாள். பிறகு வேறொரு குரலில் பேசினாள்.

“நான் இனிக் கனகாலம் இரன். போனால், அவனை எங்கை தேடிறது எண்டு எனக்குத் தெரிய வேணும். இருக்கிறவங்களுக்கை விட்டிட்டுப் போறனோ, செத்தவங்களுக்கை தேடிறதோ? அதையெண்டாலும் சொல்லு.”

இராசமணி எழுந்து குசினிக்குள் போனாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. இருந்தும் அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஆண்டிலேதான் மூன்றாம் படம் வந்தது. கடைத்தெரு மதிலில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் அட்டை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மறுநாள் அவள் தனியே பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள்.

“அட்டை பாக்கவோ பயணம்?” என்று அங்கே நின்ற அயல்வீட்டுக்காரி சின்னாச்சி கேட்டாள்.

“ஓம். தெரிஞ்ச ஆள் வந்திருக்கு. போய்ப் பாக்காமல் இருக்கேலுமே?”

படமாளிகையில் கூட்டம் இல்லை. தன் பக்கத்துக் கதிரையில் குடையை வைத்துக்கொண்டு இராசமணி அமர்ந்தாள். திரை முழுதும் மழை பெய்வதுபோல் கீறல்கள். பணம் போதவில்லை போலும். முதற்படத்தின் துறைமுகத்தையும் அதே மக்களின் ஓட்டத்தையும் வெட்டியெடுத்து ஒட்டியிருந்தார்கள். அட்டை வந்தது. சப்பாத்தும் தெரிந்தது. அவளுடைய நெஞ்சு முன்போலவே பதறிற்று. அவர் சொன்னது சரி, வந்துவிட்டது என்று எண்ணினாள்.

அடுத்து விஞ்ஞானியின் வீடு. கதவு திறந்தது. மீசைக்காரத் தம்பியின் பெயரைச் சொல்லி அவனுடைய மனைவி ஓடி வந்தாள். அவள் இரண்டாம் படத்தில் மனைவியாக வந்த அதே நடிகை, சற்றுப் பருத்திருந்தாள். வாசலில் நின்றவனோ முற்றிலும் வேறொருவன். உயரம் வேறு, குரல் வேறு, கண்கள் வேறு. மீசை மட்டும் அதே மீசை. அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். படத்தில் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. நாய்கூட அவனிடம் வாலை ஆட்டியது.

இராசமணி பக்கத்துக் கதிரையைப் பார்த்தாள். குடை சரிந்து கீழே கிடந்தது. அட்டை எப்படி இறந்தது என்பதை அவள் பார்க்கவில்லை. இடைவேளையில் வெளியே வந்து, பண்ணைக் கடலைப் பார்த்தபடி அடுத்த பேருந்து வரும்வரை நின்றாள்.

அன்று மாலை அவள் அன்னப்பிள்ளையின் கட்டிலருகே போய் இருந்தாள்.

“நடராசாவைக் குருக்களிட்டைப் போகச் சொல்லுங்கோ.”

“என்னடி திடீரெண்டு? படத்திலை அட்டை சொன்னதே?”

“வந்தாலும் அவர் அவராய் வரமாட்டார், மச்சாள்.”

அன்னப்பிள்ளை அவளுடைய கையைத் தேடிப் பற்றிக்கொண்டாள்.

கிரியை நாளில் முற்றத்துப் பந்தலின் கீழ் உருவத்தைக் கிடத்தியிருந்தார்கள். தலைக்குத் தேங்காய். உடம்புக்குத் தருப்பை. மேலே குலசிங்கத்தின் வெள்ளைச் சட்டையும் வேட்டியும். கட்டிய கயிறு கழுத்தடியில் நன்றாகத் தெரிந்தது. மருமகன் நடராசா தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“வடிவா வரேல்லை, மாமி. எனக்குக் கட்டத் தெரியேல்லை.”

அவள் பார்த்தாள். ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. எத்தனையோ ஆண்டுகளுக்கு முந்திய அந்தச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி உதடுவரை வந்தது. திரும்பிச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. உதடு கோணிக்கொண்டது. சுற்றி நின்ற பெண்கள் அவள் அழத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்துத் தாங்களும் அழுதார்கள்.

சுண்ணம் இடித்தார்கள். அவள் வாய்க்கரிசி போட்டாள். தாலியைக் கழற்றி, சட்டையின் மார்பின்மேல் வைத்தாள். அதுவரையிலும் அது புல்லாகவே இருந்தது.

ஆண்கள் குனிந்து பாடையைத் தூக்கினார்கள். தூக்கியபோது உள்ளேயிருந்த கட்டு இளகித் தேங்காய்த் தலை ஒருபக்கம் மெல்லச் சாய்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் பேருந்தில் களைத்து உறங்கும் குலசிங்கத்தின் தலை அவளுடைய தோளில் அப்படித்தான் சாயும். இராசமணி பந்தற்காலை இறுகப் பற்றிக்கொண்டாள். அவளிடமிருந்து எழுந்த குரல், அவ்வளவு காலமும் அந்த வளவில் எவரும் கேட்டறியாத குரல்.

“கொஞ்சம் பொறுங்கோ.”

அவர்கள் நின்றார்கள். அவள் கால்மாட்டுக்குப் போனாள். வேட்டியின் ஓரத்துக்குக் கீழே, பாதங்கள் இருக்கவேண்டிய இடத்தில், தருப்பையின் நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தன. வேட்டியைக் கீழே இழுத்து, அவை தெரியாதபடி மூடி, ஓரத்தை இரண்டு பக்கமும் செருகினாள்.

“இப்ப சரி. கொண்டுபோங்கோ.”

பறையும் சங்கும் ஒழுங்கை வளைவைக் கடக்கும்வரை அவள் படலையடியில் நின்றாள். பிறகு உள்ளே வந்தாள். எழ இயலாத அன்னப்பிள்ளை கட்டிலில் கிடந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போயிட்டானே?”

“ஓம் மச்சாள். போயிட்டார்.”