நாகலூர் வாய்க்காலில் தேடிய வைரஸ்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரி பார்க்கப் போவார்கள். நான் 1988 டிசம்பரில் அழுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். ஆராய்ச்சி மாணவன், தனியாள். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்தான் என் பாடம். என் பாக்டீரியாவோ பலே கில்லாடி. உள்ளே நுழையும் வைரஸின் மரபிழையில், அதாவது டி.என்.ஏ.வில், குறிப்பிட்ட ஓர் இடத்தை அடையாளம் கண்டு நறுக்கிவிடும். அந்த அடையாளம் மாறிப்போன வைரஸ் மட்டுமே பிழைக்கும். அப்படி ஒன்று பொங்கலுக்குள் கிடைக்காவிட்டால் தலைப்பையே விட்டுவிடு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு!

பாக்டீரியா கிடைத்தது ஏற்காட்டை அடுத்த நாகலூரில், காப்பி எஸ்டேட் ஒன்றின் வாய்க்காலில். பாம்பின் கால் பாம்பறியும். அதை வெல்லத் தெரிந்த வைரஸும் அங்கேதான் இருக்கும் என்று நம்பினேன்.

சேலத்தில் காலை ஆறு மணி பஸ். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏழரைக்கு ஏற்காடு. ஒண்டிக்கடை சந்திப்பில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு நாகலூர் பஸ் பிடித்தேன். டிக்கெட் கேட்டதைத் தவிர அதுவரை யாரும் என்னிடம் பேசவில்லை.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் கழுவும் கொட்டகையில், கழுவிய தண்ணீரை நான்கு பாட்டிலில் பிடித்து வைத்துவிட்டுச் சற்று நடந்து வந்தேன். திரும்பினால் நான்கிலும் பளிங்குத் தண்ணீர்!

"ஏனுங்க, அந்த நாத்தத் தண்ணியவா குடிப்பீங்க? கொட்டிட்டு ஊத்துத்தண்ணி புடிச்சு வெச்சிருக்கறேனுங்க" என்று சிரித்தார் அங்கே வேலை செய்த பழனியம்மா.

"யாரைக் கேட்டுத் தொட்டீங்க?" என்று கத்திவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"தெரியாமப் பண்ணிட்டனுங்க சாமி. கழுவுன தண்ணி எல்லாம் ஓடிப்போச்சு. பின்னால குழியில பழசு நொம்ப நாளாத் தேங்கிக் கெடக்குது, இருங்க." முழங்காலளவு சேற்றில் தானே இறங்கி ஒரு பாட்டில் நிரப்பினார். மற்ற மூன்றை நான் வாய்க்காலில் நிரப்பினேன்.

"ஊடு பக்கந்தானுங்க. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். கத்திய வெட்கம். அப்போது மணி ஒன்றரை; பஸ் மூன்றுக்கு. நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, நான் பிடித்த மூன்று பாட்டிலிலும் ஒன்றுமில்லை. குழித் தண்ணீர் விட்ட தட்டில் மட்டும், படர்ந்திருந்த பாக்டீரியாவுக்கு நடுவே பதினோரு வெற்று வட்டங்கள்! வைரஸ் ஜெயித்திருந்தது. யாரிடமாவது சொல்ல ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, எல்லா அறையும் பூட்டு. எனக்கு அழுகை வந்தது. சொல்ல வேண்டும் என்று தோன்றிய முகம் பழனியம்மாவுடையதுதான்.

மார்ச்சில் மறுபடி போனேன். "பழம் முடிஞ்சுதுங்க. அவங்க வேற எஸ்டேட்டுக்குப் போயிட்டாங்க, எங்கன்னு தெரியலீங்க" என்றார் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்.

டிசம்பரில் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். யாராவது காப்பி குடிக்கக் கூப்பிட்டால் போய்விடுங்கள். பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்.