நாலு ஊசி, நாலு கூடு

எங்கள் எஸ்டேட் டீசல் ஜீப்பின் மீட்டர் ஒரு முழுச் சுற்று ஓடி முடித்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்பியிருந்தது. நான் அதற்கு டிரைவர். பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியதுண்டு; வாத்தியார் அப்போதும் விரட்டிவிட்டார்.

அந்த வருஷம் ஜீப் கறுப்பாகப் புகை தள்ள ஆரம்பித்தது. ஏற்றத்தில் பின்னால் வரும் ஆளுக்கு முன்னால் ஜீப் போவதே தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "திங்கக்கிழமை காலையில ஃபாக்டரி ஏற்றம் ஏறணும். இல்லேன்னா வண்டிய வித்துருவேன். நீ களை வெட்டப் போ."

மண்வெட்டி என்றாலே எனக்கு முதுகு வலிக்கும். சனிக்கிழமை நானே இன்ஜினில் இறங்கினேன். டீசலைப் பொடித் தூறலாக்கி உள்ளே பீச்சுகிற நாசில் நாலையும் கழற்றி, ஒவ்வொன்றின் ஊசியையும் அதன் கூட்டிலிருந்து உருவி, எல்லாவற்றையும் ஒரே டின் மண்ணெண்ணெயில் கொட்டிக் குலுக்கினேன். பளபளவென்று வந்தது. திரும்ப மாட்டும்போதுதான் ஒரு ஊசி நுழையவில்லை, இன்னொன்று லொடலொடவென்று ஆடியது.

ஞாயிற்றுக்கிழமை டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பீர்மேடு போனேன். மண்ணெண்ணெய் நாற்றத்தில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றே வந்தார். அங்கே ஒரு மெக்கானிக் அண்ணன் ஒர்க்ஷாப் வைத்திருந்தார். டின்னை எட்டிப் பார்த்துவிட்டு, "நாசில் வேலை நமக்கு ஆகாதுப்பா. என் கை சம்மட்டிக் கை. உள்ள உங்க மதினி பாக்கும்" என்றார்.

பொம்பளையா பார்ப்பது என்று எனக்குள் ஒரு சிரிப்பு. அண்ணன் சம்சாரம் டின்னுக்குள் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அவர்கள் வாய்க்குப் போய்விட்டது.

"ஏன்ணே, ஒரு ஊசியும் அதோட கூடும் சோடியா உரசிச் செஞ்சது. நாலு வீட்டுப் புருசன் பொஞ்சாதியக் கலைச்சு ஒரே டின்னுல போட்டுக் கொண்டாந்திருக்கீகளே!"

"தெரியாமச் செஞ்சுட்டேன் மதினி. இது சேரலேன்னா எனக்கு மண்வெட்டிதான்."

"அதுக்கு முந்தி நகந்து நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கீக."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். சுத்தமான டீசலில் கூட்டை முக்கி, ஊசியை அதன் வால் பக்கம் மட்டும் பிடித்து உள்ளே விட்டு, நிமிர்த்தி, கொஞ்சம் மேலே இழுத்து விட்டார்கள். அது தன் பாரத்தில் மெதுவாக, நின்று விடாமல், பொத்தென்றும் விழாமல் இறங்க வேண்டும். ஒவ்வொரு ஊசியையும் ஒவ்வொரு கூட்டிலும் விட்டுப் பார்த்தார்கள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தது. அவர்களோ, "இது இல்ல, அவசரப்படுது" என்றார்கள். "இது முறுக்கிக்கிட்டு நிக்கி" என்றார்கள். மூன்று சோடி சேர்ந்தது.

நாலாவது, பாதியில் நின்றது.

"இத எதுல துடைச்சீக?"

"உப்புத்தாள் போட்டு லேசா..."

"நல்லவேளை, அரம் கிடைக்கல போல."

ஆட்டுக் கொழுப்பு கொஞ்சம் எடுத்து ஊசியில் தடவி, கூட்டுக்குள் விட்டு, இரண்டு விரலால் திருகிக்கொண்டே இருந்தார்கள். நான் மூன்று டீ குடித்தேன். அவர்கள் தலையே நிமிரவில்லை. பிறகு கழுவி, முக்கி, இழுத்து விட்டார்கள். ஊசி வழுக்கிக்கொண்டு அடிவரைக்கும் போனது.

நாலையும் கைப்பம்பில் மாட்டி அடித்துக் காட்டினார்கள். கிர்ரென்ற சத்தத்தோடு டீசல் பனி மாதிரி சிதறியது. நுனியில் ஒரு சொட்டு நிற்கவில்லை. அழகாக இருக்கிறதே என்று விரலை நீட்டினேன். பட்டென்று கையில் ஓர் அடி.

"தோலைத் துளைச்சு ரத்தத்துல ஏறிரும்! விரலு வேண்டாமா?"

அன்று சாயந்திரமே எஸ்டேட்டுக்குத் திரும்பி, புது செப்பு வாஷர் போட்டு மாட்டி, அவர்கள் சொன்னபடி பைப்பு நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினேன்.

திங்கட்கிழமை மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஃபாக்டரி ஏற்றத்தை ஜீப் முனகாமல் ஏறியது. அவர் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். புகை இல்லை.

"ஆரு செஞ்சது?"

நான்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஊசியைத் திருகிக்கொண்டே இருந்த மதினியின் விரல்கள் ஞாபகம் வந்தன. "மெக்கானிக் சம்சாரம் சார். நான் செஞ்சது கெடுத்தது மட்டும்."

மேனேஜர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னார்: "எஸ்டேட் லாரி நாசிலையும் அங்கேயே கொடு. நீ ஓட்டினா போதும். ஸ்பேனரைத் தொட்டேன்னு கேட்டா, அன்னைக்கே மண்வெட்டி."