நாயுடுபுரத்தில் ஒரே வாய்க்கால்

நாயுடுபுரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, மழைக்கு ஒரு டீக்கடைக்குள் ஒதுங்குகிறேன். பின்னாலேயே சாக்கடையும் உள்ளே வருகிறது. மேட்டிலிருக்கும் லாட்ஜின் கக்கூஸ் தண்ணீரும் மழைத் தண்ணீரும் இங்கே ஒரே வாய்க்காலில்தான் போகின்றன. மழை வலுத்தால் இரண்டும் சேர்ந்து கடைக்குள் புகுந்துவிடும்.

கடை நடத்தும் ஸ்டெல்லா அக்கா வடைத் தட்டை என் கையில் திணிக்கிறார்.

"இதைப் பிடிங்க சார். முன்னெல்லாம் மாசியில இப்படியா கொட்டும்? மழைக்கு இப்ப மாசமே தெரியல."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு மணல் மூட்டையைத் தூக்கிப்போய், வாய்க்காலில் வந்து விழும் லாட்ஜ் குழாயின் வாயை அடைக்கிறார். கொஞ்ச நேரத்தில் லாட்ஜ் மேனேஜர் நனைந்தபடி ஓடி வருகிறார்.

"ஏம்மா, பாத்ரூம் பொங்குது! கெஸ்ட்டெல்லாம் கட்டில் மேல நிக்கிறாங்க!"

"அவுங்க சமாச்சாரம்தானங்க, அவுங்ககிட்டயே வருது. தனி வாய்க்கா வெட்டுங்க, மூட்டைய எடுக்குறேன்."

மேனேஜர் பேண்டைச் சுருட்டிக்கொண்டு மண்வெட்டி கேட்கிறார். எந்தப் பக்கம் வெட்டுவது என்று இருவரும் சுற்றிப் பார்க்கிறார்கள்.

"ஏரிப் பக்கம் திருப்பிருவோங்க" என்கிறார் அக்கா.

மேனேஜர் உடனே தலையாட்டுகிறார். நாளைக் காலை அந்த ஏரியில் படகில் போகலாம் என்றிருந்த ஆசையை நான் அங்கேயே விட்டுவிடுகிறேன்.