பொட்டு வைத்த நாலணா

எண்பதுகளின் தொடக்கம். மதுரை தல்லாகுளத்தில், ஒரு பள்ளி வகுப்பறையில், மாதம் ஒரு ஞாயிறு காலை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். நாணயம் சேர்ப்பவர்களின் சங்கம். நான் செயலாளர். ஆபீசில் கோப்பு எழுதிய கை சும்மா இருக்காமல் சங்கத்துக்கும் பதினாறு விதிகள் எழுதியிருந்தது. அதில் ஒன்று: உறுப்பினராகச் சேர வருபவர் சேகரிக்கத் தகுந்த ஒரு நாணயமாவது காட்ட வேண்டும், தகுதி பற்றிச் செயலாளரின் முடிவே இறுதியானது.

நான் தினமும் ஏறும் பழங்காநத்தம் பஸ்ஸின் கண்டக்டருக்குச் சங்கத்தில் சேர ஆசை. இரண்டு கூட்டங்களுக்கு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனார். ஒருநாள் பஸ்ஸிலேயே ஒரு நாலணாவை நீட்டினார்.

“அண்ணே, எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. இது போதுமா?”

இப்படித் தெரிவதில் இரண்டு வகை உண்டு. காசு அடிக்கும் அச்சு தயாராகும்போதே எழுத்து இரண்டு தடவை பதிந்துவிட்டால், அந்த அச்சில் அடித்த காசெல்லாம் இரட்டையாக வரும். எழுத்து தடித்து, மூலைகள் பிளந்து நிற்கும். அது பொக்கிஷம். காசு அடிக்கும்போது அச்சு தளர்ந்து அசைந்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். ஆனால் ஓரம் படிபோலத் தட்டையாக நசுங்கியிருக்கும். அதற்கு நாலணாதான் மதிப்பு.

இவ்வளவும் தெரிந்த நான், ஓடும் பஸ்ஸில், லென்ஸ் இல்லாமல், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி ஒரு நொடி பார்த்தேன். கண்டக்டர் பையிலிருந்து பொக்கிஷம் வருமா என்ன?

“மெஷின் ஆட்டம், தம்பி. டீ குடிச்சிருங்க.”

“அம்புட்டுத்தானா?” என்று காசைப் பைக்குள் போட்டுவிட்டு விசில் அடித்தார்.

சில நாள் கழித்து வீட்டில் சில்லறை டப்பாவைக் கொட்டியபோது, இரட்டை எழுத்தோடு ஒரு நாலணா அகப்பட்டது. மாலை முழுவதும் லென்ஸும் கையுமாக இருந்தேன். அச்சுப் பிழையேதான். அடுத்த கூட்டத்தில் கால் மணி நேரம் பேசினேன். ‘சேகரிக்கத் தகுந்தது’ என்று கூட்டப் புத்தகத்திலும் எழுதிக் கையெழுத்திட்டேன். விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி. ‘குங்குமம், கோயில் உண்டியல் வழி வந்திருக்கலாம்’ என்று குறிப்பும் சேர்த்தேன்.

காசு கைமாறிக் கடைசி பெஞ்சுக்குப் போனது. கண்டக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணே, இது குங்குமம் இல்ல. எங்க வீட்டுக்காரி நகப் பாலிஷ். ஒங்ககிட்டக் காட்டுறதுக்கு முந்திச் சில்லறையோட போயிரக் கூடாதுன்னு நாந்தான் பொட்டு வச்சேன்.”

காசை என் பக்கம் நீட்டினார்.

“நான் காட்டுனப்ப ஆட்டம்னீங்க. டிக்கெட் மீதியா ஒங்க டப்பாவுக்கு வந்ததும் அச்சுப் பிழையாயிருச்சா?”

“செயலாளர் கைராசி, மாப்ள!” என்றது ஒரு குரல். அறையே சிரித்தது.

உறுப்பினரான மிஷன் பள்ளி ஆசிரியை ஒருவர் காசை வாங்கி, ஜன்னலோரம் போய் லென்ஸை வைத்தார். “மூலையில பிளவு இல்ல சார். ஓரம் தட்டையா நசுங்கியிருக்கு. ஆட்டம்தான்.”

ஆக, பார்க்காமல் சொன்னது சரி. பார்த்துப் பார்த்துச் சொன்னது தப்பு.

“அப்ப எனக்கு எடம் இல்லதானா?” கண்டக்டர் எழுந்து நின்றார்.

நான் விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். ஆசிரியை கூட்டப் புத்தகத்தைப் பார்த்தார்.

“செயலாளர் முடிவே இறுதின்னு விதி. தகுந்ததுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டாச்சு. காசைக் கொண்டுவந்தது அவருதானே?”

பஸ்ஸில் நான் சொன்னது வாய்மொழி. எழுத்தில் இல்லாத முடிவு செல்லாது என்று வேலைபார்த்த காலமெல்லாம் சாதித்தவன் நான். அன்றே அவரை உறுப்பினராகப் பதிந்தேன்.

புதிதாக வருபவர்களுக்கு மெஷின் ஆட்டத்தை விளக்க அந்த நாலணாவையே வெகுகாலம் காட்டினோம். இன்றும் யாராவது ஒரு காசை நீட்டினால், லென்ஸை எடுக்கும் முன் அது யார் கையிலிருந்து வந்தது என்பதை மறக்கப் பார்க்கிறேன். எல்லா நேரமும் முடிவதில்லை.