முப்பது கிராமும் ஒரு குட்டி கேலக்ஸியும்

போன வாரம் ஒரு நெசவாளியைத் திருடன் என்று சொல்லிவிட்டேன். முப்பது கிராமுக்காக.

அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவர் கொண்டுவந்த புடவையைத் தராசில் வைத்தேன், எண்ணைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், "இன்னாத்த ஏத்தினீங்க?" என்று கேட்டேன். ஆரணிப் பட்டுக் கடையில் அப்படிக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்குப் பகல் பிழைப்பு பட்டுக் கடையில், தராசுக்குப் பின்னால். எட்டாம் வகுப்போடு நின்றவனை நம்பி எடை பார்க்க உட்காரவைத்ததே பெரிய விஷயம். நெசவாளிக்குப் பட்டு நூலையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்போம். புடவையாகத் திரும்பி வரும்போது மறுபடி நிறுப்போம். கொஞ்சம் குறையலாம், கழிவு என்று விட்டுவிடுவோம். ஆனால் கூடக் கூடாது. கூடினால்? பட்டில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, கஞ்சியை ஏற்றிச் சரிக்கட்டப் பார்த்து, அளவு தவறிவிட்டார் என்று பொருள்.

ஏகாம்பரத்தின் புடவை முப்பது கிராம் கூடியிருந்தது.

பன்னிரண்டு வருஷமாக எங்கள் கடைக்குப் புடவை கொண்டுவருகிறவர். கரையும் உடலும் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தே 'இது ஏகாம்பரம் புடவை' என்று சொல்லிவிடுவேன். அவரா இப்படி?

"ஒண்ணும் ஏத்தலீங்க..." என்றார். "அடுத்த பாவு?"

பாவு என்றால் தறியில் ஏற்றுகிற நீள நூல். அது இல்லையென்றால் தறி சும்மா நிற்கும். "பாக்கலாம்" என்றேன். அவர் படியின் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

அதோடு விட்டேனா? எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். நாளைக்கு அவர் வேறு கடையில் ஏதாவது செய்து, 'நீ ஏன்யா முன்னாடியே சொல்லல?' என்று என்னைக் கேட்டுவிட்டால்? இரண்டு கடைகளுக்குப் போன் போட்டு, "ஏகாம்பரம் வந்தா கொஞ்சம் பாத்துக்குங்க" என்றேன். சொன்ன பிறகுதான் சாப்பாடு இறங்கியது!

ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகள் கௌரி வீட்டில் இருந்தாள். புனேயில் வானியல் ஆராய்ச்சி செய்கிறாள், தீபாவளிக்கு வந்தவள். வெளியே விடாத மழை. ஜன்னலோரம் லேப்டாப்பும் அவளுமாக உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா பண்ணிகினு இருக்கே?"

"எடை போட்டுகினு இருக்கேன் சித்தப்பா. உங்க வேலைதான்."

"எத?"

"ஒரு குட்டி கேலக்ஸிய."

கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். திரையைத் திருப்பிக் காட்டினாள். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள். நமது பால்வீதியைச் சுற்றி இப்படிக் குட்டிக் குட்டியாக நட்சத்திரக் கூட்டங்கள் உண்டாம். பால்வீதியில் பல்லாயிரம் கோடி நட்சத்திரம் என்றால், இந்த மாதிரி ஒன்றில் சில ஆயிரம்தான். அவ்வளவு மங்கல். பக்கத்திலேயே இருந்தும் இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை.

"இதுல எதும்மா அது?"

"இதோ இது, இது, இது... இது இல்ல. இது நம்மூரு நட்சத்திரம், நம்ம பால்வீதியோடது, குறுக்க வந்து நிக்குது."

"தராசுல எப்பிடி வெப்பே?"

"வெக்க முடியாது. ஒவ்வொண்ணும் எவ்ளோ ஜல்தியா ஓடுதுன்னு அதோட வெளிச்சத்த வெச்சுப் பாத்தோம். கண்ணுக்குத் தெரியற நட்சத்திரங்களோட எடை மட்டும்தான் அங்க இருக்குதுன்னா, இந்த ஓட்டத்துக்கு எல்லாம் எப்பவோ செதறிப் பூட்டிருக்கணும். செதறல. ஏதோ ஒண்ணு இழுத்துப் புடிச்சுகினு இருக்குது."

"இன்னா அது?"

"தெரியாது. டார்க் மேட்டர்னு பேரு மட்டும் வெச்சிருக்காங்க. வெளிச்சம் வுடாது, வெளிச்சத்த மறைக்காது, நெழல் வுழாது."

"அது எவ்ளோ இருக்கும்?"

"தெரியறத விடப் பல நூறு மடங்கு."

பல நூறு மடங்கா! முப்பது கிராமுக்கு ஒருத்தர் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பெண் ஒரு கேலக்ஸி மொத்தத்துக்கும் எடை எகிறிப்போச்சு என்று முறுக்கைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள்.

"எவனோ கஞ்சி ஏத்தியிருக்கான்!" என்று கத்திவிட்டேன்.

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "நாங்களும் சந்தேகப்பட்டோம் சித்தப்பா. ஆனா எங்க மேலதான். கருவி சரியா இருக்குதா? நம்மூரு நட்சத்திரம் எதனா கலந்து பூட்சா? அப்புறம் இன்னொண்ணு... ரெண்டு நட்சத்திரம் ஜோடியா ஒண்ணயொண்ணு சுத்திகினு இருந்தா அந்த ஓட்டமும் இதுல சேந்துக்கும். எடை கூடுனா மாதிரி தெரியும். அதனால அதே நட்சத்திரங்கள வுட்டு வுட்டுத் திரும்பப் பாக்கறோம்."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருஷமா. இன்னும் ஒரு வரி எழுதல."

உயிரில்லாத புள்ளிகளுக்கு இரண்டு வருஷம் நிதானம். நான் ஏகாம்பரத்துக்கு எவ்வளவு கொடுத்தேன்? இரண்டு நிமிஷம் இருக்குமா?

இருந்தாலும் மெதுவாக அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். 'கரெக்ட் சித்தப்பா' என்பாள் என்று ஒரு நப்பாசை.

"திரும்ப எடை போட்டீங்களா?"

"எதுக்கு? எலெக்ட்ரானிக் தராசும்மா, புதுசு."

"தராசு சரி. பொடவ இப்ப எங்க இருக்குது?"

"ஸ்டாக் ரூம்ல. ஏ.சி.ல."

"அவருக்கு நூல் குடுத்தது?"

"அதே ரூம்லேர்ந்து..."



போன மாதம்தான் கடைக்கு ஏ.சி. போட்டார்கள். அதுவரை கடைக்கும் தறிக்கும் ஒரே காற்று. மழை என்றால் இரண்டு இடத்திலும் மழை. இப்போது காய்ந்த அறையில் நிறுத்த நூல், ஏகாம்பரத்தின் தறிப்பள்ளத்துக்குப் போகிறது, காலை விட்டுத் தறியை மிதிக்கத் தரையில் தோண்டிய குழி. ஐப்பசியில் அங்கே சுவரே வியர்க்கும். பட்டு ஈரத்தைக் குடிக்கும். குடித்தது கைக்குத் தெரியாது.

திங்கட்கிழமை கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தப் புடவையைத் தராசில் வைத்தேன். முப்பது கிராமையும் காணோம். ஒரு கிராம் குறைவாகவே காட்டியது.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். கௌரியின் கேலக்ஸியில் எத்தனை முறை சரிபார்த்தாலும் அந்த எடை போகமாட்டேன் என்கிறதாம். நிஜமாகவே அங்கே ஏதோ இருக்கிறது. ஏகாம்பரத்தின் புடவையில் இருந்ததோ போன வாரத்து மழை.

அந்த இரண்டு கடைகளுக்கும் மறுபடி போன் போட்டேன். ஒருவர் சரி என்றார். இன்னொருவர், "இன்னாங்க பேஜாரா இருக்குது... நான் நாலு பேர்கிட்ட சொல்லிட்டனே!" என்றார். அந்த நாலு பேர் யார் யார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஒரு பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் தெரு பார்க்க நடந்தே போனேன். ஏகாம்பரம் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்க்க, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தப்பு எம் மேலதாங்க. மன்னிச்சுக்குங்க" என்றேன்.

அவர் சங்கடத்தோடு வீட்டுக்குள் பார்த்தார். தறிப்பள்ளத்துக்குப் பக்கத்தில் அவர் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"அவருகிட்ட இன்னாத்துக்குக் கேக்கறீங்க?" என்றார் அந்த அம்மா. "அவருக்கு முட்டி போயி மூணு வருஷமாச்சு. பள்ளத்துல எறங்கி மிதிக்க முடியாது. நூல எடுத்தார்றது அவரு, பொடவயக் குடுக்கறது அவரு. நெய்யறது நானு. கஞ்சி ஏத்துனேன்னு சொன்னீங்களே, என்னத்தான் சொன்னீங்க."

மூன்று வருஷமாக நான் தடவித் தடவி மெச்சிய கரை...

"பாவ எறக்கி வெச்சுட்டு, இப்பிடித் திரும்பிக் கேளுங்க."

இறக்கிவைத்தேன். திரும்பினேன். "அம்மா..." என்று ஆரம்பித்தேன்.

பெயர் தெரியவில்லை.